லேப்டாப் கடவுச்சொல் மறந்துவிட்டது: ஃபார்மட் செய்யாமல் கோப்புகளை மீட்க முடியுமா?

8 மாதங்களாகத் திறக்காமல் வைத்திருந்த விண்டோஸ் லேப்டாப்பை இப்போது எடுத்தால் கடவுச்சொல் நினைவுக்கு வரவில்லை, பத்துப் பதினைந்து முறை அடித்துப் பார்த்தும் பயனில்லை, தெரிந்தவர் ஒருவர் "ஃபார்மட் செய்துவிட்டால் முடிந்தது" என்கிறார், உள்ளே ஆய்வேட்டின் வரைவும் மகளின் முதல் இரண்டு வருடப் படங்களும் இருக்கின்றன, கடவுச்சொல்லை உடைக்க நல்ல மென்பொருள் எது என்று கேட்டிருக்கிறீர்கள். மென்பொருளின் பெயரைக் கேட்டிருந்தாலும், உங்களுக்கு வேண்டியது லேப்டாப் அல்ல, அதற்குள் இருக்கும் கோப்புகள் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். இரண்டும் வேறு வேறு வேலைகள். லேப்டாப்பை மறுபடி ஓட வைப்பது அரை நாளில் முடியும். கோப்புகள் போகாமல் திறப்பதற்குத்தான் நிதானம் வேண்டும். ஆகவே முதலில் ஒரு வேண்டுகோள்: இதைப் படித்து முடிக்கும்வரை அந்த லேப்டாப்பை யார் கையிலும் கொடுக்காதீர்கள்.

16 ஆண்டுகளாகக் கணினிகளைப் பராமரிக்கும் வேலையில் இருக்கிறேன். பூட்டிக்கொண்ட கணினியோடு வருகிறவர்களை மாதந்தோறும் பார்க்கிறேன். மறந்துபோனதால் மட்டும் கோப்புகளை இழந்தவர்கள் அவர்களில் குறைவு. மறந்த அன்று மாலையே பதறிப்போய் ஏதோ ஒன்றைச் செய்தவர்கள்தான் அதிகம் இழந்திருக்கிறார்கள். உங்கள் இயந்திரத்தை நேரில் பார்க்காமல் எழுதுகிறேன் என்பதால் இரண்டு விஷயங்களை இங்கிருந்து என்னால் முடிவு செய்ய இயலாது: உங்கள் கணக்கு எந்த வகை, உங்கள் வட்டு மறையாக்கம் (என்கிரிப்ஷன், அதாவது விசை இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றி வைப்பது) செய்யப்பட்டதா இல்லையா. மற்ற எல்லாமே இந்த இரண்டு பதில்களைப் பொறுத்தவை. அவற்றை நீங்களே கண்டுபிடிக்கும் வழியைச் சொல்கிறேன்.

அதற்கு முன் ஆறுதலாக ஒன்று. சொந்த உபயோகத்துக்கான விண்டோஸ் லேப்டாப்பில் கடவுச்சொல்லைத் தவறாக அடித்ததால் மட்டும் எந்தக் கோப்பும் அழியாது. விண்டோஸ் உங்களைக் காக்க வைக்கும், அவ்வளவுதான். விண்டோஸ் 11-இன் 2022 பதிப்பிலிருந்து, 10 முறை தவறினால் கணக்கு 10 நிமிடங்களுக்குப் பூட்டிக்கொள்வது இயல்பு அமைப்பாக இருக்கிறது. பின் எண்ணைப் பலமுறை தவறவிட்டால், ஒரு சிறு எழுத்துத் தொடரை அடிக்கச் சொல்லும், அல்லது மறுதொடக்கம் செய்யச் சொல்லும். அதற்கும் அப்பால் போனால் டி.பி.எம். என்ற பாதுகாப்புச் சிப் குறுக்கிடும். அது 32 தவறுகளுக்குப் பிறகு பூட்டிக்கொண்டு, 10 நிமிடங்களுக்கு ஒரு வாய்ப்பு என்ற கணக்கில்தான் வழிவிடும். எனவே ஊகித்து ஊகித்து அடிப்பதை நிறுத்திவிடுங்கள்.

நிறுத்திவிட்டு விசைப்பலகையைப் பாருங்கள். இதைச் சொன்னால் பலர் முகம் சுளிப்பார்கள், ஆனாலும் நான் ஒவ்வொரு முறையும் இதிலிருந்துதான் தொடங்குகிறேன். ஒருமுறை ஒருவர் இரண்டு நாள் போராடிவிட்டு வந்தார். கடவுச்சொல் சரியாகவே நினைவிருந்தது. இடையில் விசைப்பலகை அமைப்பு அமெரிக்க ஆங்கிலத்திலிருந்து பிரிட்டிஷ் ஆங்கிலத்துக்கு மாறியிருந்தது. அந்த இரண்டு அமைப்புகளில் 'அட்' குறியும் இரட்டை மேற்கோள் குறியும் இடம் மாறி இருக்கும். கடவுச்சொல்லில் 'அட்' இருந்ததால் ஒவ்வொரு முறையும் வேறு எழுத்து விழுந்துகொண்டிருந்தது. உள்நுழைவுத் திரையின் வலது கீழ் மூலையில் மொழிக் குறி தெரிந்தால் அது எந்த அமைப்பில் இருக்கிறது என்று பாருங்கள். தமிழில் தட்டச்சு செய்கிறவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். கேப்ஸ் லாக், நம்பர் லாக் இரண்டையும் சோதியுங்கள். கடவுச்சொல் பெட்டியின் ஓரத்தில் உள்ள கண் வடிவத்தை அழுத்தினால் நீங்கள் அடித்தது என்ன என்பது தெரியும். நெடுநாள் பயன்படுத்தாத லேப்டாப்பில் ஓரிரு விசைகள் செத்துப்போயிருக்கவும் கூடும். அப்போது திரையின் கீழேயுள்ள அணுகல் வசதிப் படத்தை அழுத்தித் திரை விசைப்பலகையை வரவழைத்து அதில் அடியுங்கள்.

அதிலும் திறக்கவில்லை என்றால், திரை உங்களிடம் கேட்பது பின் எண்ணா, கடவுச்சொல்லா என்று கவனியுங்கள். பேச்சில் இரண்டையும் 'பாஸ்வேர்ட்' என்றே சொல்லிவிடுகிறோம். ஆனால் பின் எண் அந்த ஒரு லேப்டாப்புக்கு மட்டுமே உரியது. கடவுச்சொல்லோ பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்குக்கு உரியது, இணையத்தில் இருப்பது. தினமும் பின் எண்ணை அடித்தே பழகியவர்களுக்குக் கடவுச்சொல் என்று ஒன்று வைத்ததே மறந்துபோயிருக்கும். கணக்கின் வகையைக் கண்டுபிடிக்க எளிய சோதனை உண்டு. பின் எண் பெட்டிக்குக் கீழே 'ஐ ஃபர்காட் மை பின்' என்ற வரியை அழுத்துங்கள். உங்கள் மின்னஞ்சல் முகவரியோடு மைக்ரோசாஃப்ட் உள்நுழைவுப் பக்கம் வந்தால் அது மைக்ரோசாஃப்ட் கணக்கு. கடவுச்சொல்லைத் தவறாக அடித்ததும் 'ரீசெட் பாஸ்வேர்ட்' என்ற இணைப்பு தோன்றி, நீங்கள் முன்பு பதிந்த சொந்தக் கேள்விகளைக் கேட்டால் அது உள்ளகக் கணக்கு, அதாவது அந்த லேப்டாப்புக்குள் மட்டுமே இருக்கும் கணக்கு. இரண்டும் இல்லாமல் அலுவலக அல்லது கல்லூரி மின்னஞ்சலைக் கேட்டால் மேற்கொண்டு எதுவும் செய்யாமல் அங்குள்ள கணினிப் பிரிவிடம் பேசுங்கள். அவர்களால் மாற்றித் தர முடியும்.

மைக்ரோசாஃப்ட் கணக்கு என்றால் உங்களுக்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது. கைப்பேசியிலோ வேறு கணினியிலோ மைக்ரோசாஃப்டின் கணக்குத் தளத்துக்குப் போய், கடவுச்சொல் மறந்துவிட்டது என்ற இணைப்பின் வழியாகப் புதியது வையுங்கள். பதிந்த தொலைபேசி எண்ணின் கடைசி இலக்கங்களைக் காட்டும். அது உங்களுடையது என்று உறுதி செய்ததும் குறியீட்டை அனுப்பும். புதிய கடவுச்சொல் வைத்த பிறகு ஒரு படி பாக்கி இருக்கிறது. இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். லேப்டாப் இணையத்தில் இல்லாவிட்டால் அதற்குப் புதிய கடவுச்சொல் தெரியாது, பழையதையே கேட்டுக்கொண்டிருக்கும். உள்நுழைவுத் திரையின் வலது கீழே உள்ள வலையமைப்புப் படத்தை அழுத்தி வைஃபையில் இணையுங்கள். உலாவியில் தனியாக உள்நுழையச் சொல்லும் பொது வைஃபை அந்தத் திரையில் பெரும்பாலும் ஒத்துழைக்காது. கைப்பேசியின் ஹாட்ஸ்பாட் போதும். சில லேப்டாப்கள் கடவுச்சொல் பெட்டியைக் காட்டாமல் பின் எண்ணை மட்டுமே கேட்கும்படி அமைந்திருக்கும். அதைக் கண்டு பயப்பட வேண்டாம். 'ஐ ஃபர்காட் மை பின்' வழியாகவே புதிய கடவுச்சொல்லைக் கொடுத்துப் புதிய பின் எண் வைத்துக்கொள்ளலாம். இந்த வழியில் திறந்தால் கோப்புகள் அத்தனையும் அப்படியே இருக்கும். இதை நான் உறுதியாகச் சொல்ல முடியும்.

பதிந்த எண் இப்போது உங்களிடம் இல்லை என்றால் பாதை கரடுமுரடாகும். மைக்ரோசாஃப்ட் ஒரு கணக்கு மீட்புப் படிவம் வைத்திருக்கிறது. பழைய கடவுச்சொற்கள், அண்மையில் அனுப்பிய மின்னஞ்சல்களின் தலைப்புகள், யாருக்கு எழுதினீர்கள் என்பன போன்றவற்றைக் கேட்கும். படித்து முடிவு செய்வது மனிதர் அல்ல, தானியங்கி முறை. பதில் வழக்கமாக 24 மணி நேரத்துக்குள் வரும். ஒரு நாளில் 2 முறை வரை அனுப்பலாம். நீங்கள் வழக்கமாகப் பயன்படுத்திய சாதனத்திலிருந்தும் வழக்கமான இடத்திலிருந்தும் நிரப்பினால் ஏற்கப்படும் வாய்ப்பு கூடும். முதல் முறை மறுக்கப்பட்டதும் மனம் தளராதீர்கள். வீட்டில் உட்கார்ந்து பழைய டைரிகளையும் மின்னஞ்சல்களையும் புரட்டி, மூன்றாவது நான்காவது முயற்சியில் வென்றவர்களை அறிவேன். ஆனால் கடவுச்சொல்லோடு இன்னொரு குறியீட்டையும் கேட்கும் இருபடிச் சரிபார்ப்பை இயக்கி வைத்திருந்தால் இந்தப் படிவம் செல்லாது. அப்போது தொலைந்த எண்ணையே தொலைபேசி நிறுவனத்திடம் மீண்டும் பெற முயல்வதுதான் சிறந்தது. எந்த வாடிக்கையாளர் சேவை ஊழியராலும் உங்களுக்காகக் கடவுச்சொல்லை மாற்றித் தர முடியாது என்று மைக்ரோசாஃப்டே சொல்கிறது. தேடலில் கிடைக்கும் ஏதோ ஓர் எண்ணை அழைத்து, "நாங்கள் மைக்ரோசாஃப்ட், மாற்றித் தருகிறோம்" என்று யாராவது சொன்னால் அழைப்பைத் துண்டித்துவிடுங்கள்.

கணக்கு திறந்ததுமே, லேப்டாப்பைத் தொடுவதற்கு முன்பாக, கைப்பேசியிலிருந்தே மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பிடமான ஒன்ட்ரைவைப் பாருங்கள். விண்டோஸை அமைக்கும்போதே டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ் கோப்புறைகளை ஒன்ட்ரைவில் ஏற்றும் வசதி பலருக்கு அவர்கள் அறியாமலே இயங்கத் தொடங்கியிருக்கும். இலவச இடம் 5 ஜிபிதான் என்பதால் படங்கள் முழுதும் ஏறியிருக்காது. ஆனால் ஓர் ஆய்வேட்டு வரைவுக்கு அது தாராளம். லேப்டாப் பூட்டியே கிடக்க, ஆய்வேடு கைப்பேசியில் திறந்ததைப் பார்த்து என் எதிரிலேயே அழுதவர் உண்டு.

உள்ளகக் கணக்கு என்றால் விண்டோஸ் 10-இன் 2018 பதிப்பு முதல் பாதுகாப்புக் கேள்விகள் மூன்று இருக்கும். அவற்றுக்குச் சரியான பதில் சொன்னால் புதிய கடவுச்சொல் வைக்கலாம். பதில்கள் எழுத்துக்கு எழுத்து நினைவில்லாவிட்டால், அதே லேப்டாப்பில் நிர்வாகி உரிமையுள்ள இன்னொரு கணக்கு இருக்கிறதா என்று வீட்டாரிடம் கேளுங்கள். அவர் உள்ளே போய் உங்கள் கடவுச்சொல்லை மாற்றிவிடலாம். இதில் ஒரு விலை உண்டு. அப்படி வெளியிலிருந்து மாற்றும்போது உலாவியில் சேமித்த கடவுச்சொற்கள் போன்றவை பழைய கடவுச்சொல்லோடு பிணைக்கப்பட்டிருப்பதால் அவற்றை இழக்க நேரும். சாதாரண ஆவணங்களும் படங்களும் பாதிக்கப்படாது.

இனி மறையாக்கத்துக்கு வருகிறேன். உங்கள் கோப்புகளின் கதியைத் தீர்மானிப்பது இதுதான். மறையாக்கம் இல்லாத வட்டில், விண்டோஸ் கடவுச்சொல் என்பது வீட்டு வாசல் பூட்டு போன்றது. வட்டைக் கழற்றி வேறு கணினியில் பொருத்தினாலோ, விண்டோஸுக்குப் பதிலாகப் பென் டிரைவிலிருந்து லினக்ஸ் என்ற இயங்குதளத்தை ஏற்றினாலோ கோப்புகள் திறந்த புத்தகமாகக் கிடக்கும். நகலெடுத்துக்கொள்ளலாம். மறையாக்கம் இருந்தால் அதே வட்டில் பொருளற்ற எண்களைத் தவிர எதுவும் தெரியாது. பிட்லாக்கர் அல்லது சாதன மறையாக்கம் என்ற பெயரில் இது இருக்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கோடு அமைத்த பல புதிய லேப்டாப்களில் யாரும் கேட்காமலேயே இயங்கிவிடும். 2024-இல் வந்த விண்டோஸ் 11 பதிப்பு இதை இன்னும் பரவலாக்கியது. உங்களுடையது எந்த வகை என்று அறிய, உள்நுழைவுத் திரையில் பவர் படத்தை அழுத்தி, ஷிஃப்ட் விசையைப் பிடித்துக்கொண்டே 'ரீஸ்டார்ட்' கொடுங்கள். வரும் பட்டியலில் 'டிரபிள்ஷூட்', பிறகு 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்', பிறகு 'கமாண்ட் ப்ராம்ப்ட்'. அங்கே மீட்பு விசையை, அதாவது மறையாக்கத்தைத் திறக்கும் நீண்ட எண்ணைக் கேட்டால் வட்டு மறையாக்கம் செய்யப்பட்டது. அவ்வளவு தெரிந்துகொண்டு அணைத்துவிடுங்கள். பக்கத்திலேயே இருக்கும் 'ரீசெட் திஸ் பிசி'யை மட்டும் தொட வேண்டாம்.

அந்த மீட்பு விசை 48 இலக்கங்கள் கொண்டது. ஆறு ஆறாக எட்டுத் தொகுதிகள். பெரும்பாலும் அது மைக்ரோசாஃப்ட் கணக்கின் சாதனங்கள் பகுதியில் சேமிக்கப்பட்டிருக்கும். சிலர் அச்சிட்டோ பென் டிரைவில் போட்டோ வைத்திருப்பார்கள். யாருடைய கணக்கில் என்பதுதான் பலரும் கேட்க மறக்கும் கேள்வி. ஒரு பெண்ணின் லேப்டாப் நீலத் திரையில் 48 இலக்கங்களைக் கேட்டு நின்றுவிட்டது. அவர் கணக்கில் எதுவுமே இல்லை. மூன்று இடங்களில் காட்டியிருந்தார், மூன்று இடங்களிலும் ஃபார்மட் என்றே சொல்லியிருந்தார்கள். "இதை முதன்முதலில் பெட்டியிலிருந்து எடுத்து அமைத்தது யார்?" என்று கேட்டேன். வாங்கித் தந்த அண்ணன். அண்ணனுடைய கணக்கைத் திறந்தால் விசை அங்கே இருந்தது. நீலத் திரையில் தெரியும் விசை அடையாளத்தின் முதல் 8 எழுத்துகளும் கணக்கில் உள்ளதும் ஒத்துப்போனால் அதுதான் உங்கள் விசை. உங்கள் லேப்டாப்பையும் முதலில் அமைத்தவர் யார் என்று யோசித்துப் பாருங்கள்.

விசை கிடைத்துவிட்டால், உள்நுழைவுக் கடவுச்சொல் கடைசிவரை நினைவுக்கு வராவிட்டாலும் கோப்புகள் பிழைக்கும். வட்டை இன்னொரு விண்டோஸ் கணினியில் இணைத்து 48 இலக்கங்களைக் கொடுத்தால் திறக்கும். வட்டைக் கழற்ற முடியாதபடி பலகையிலேயே பற்றவைத்த லேப்டாப் என்றால் லினக்ஸ் பென் டிரைவ் உதவும், அதுவும் இந்த விசையை ஏற்கும். விசை கிடைக்காவிட்டால், கணக்கும் மீளாவிட்டால், அந்தக் கோப்புகளை யாராலும் எடுக்க முடியாது. விசையின் பிரதி மைக்ரோசாஃப்டிடம் தனியாக இல்லை, அவர்களால் புதிதாக உருவாக்கவும் முடியாது. "எங்களால் முடியும்" என்று பணம் கேட்கிறவர்களை நம்பாதீர்கள்.

நீங்கள் கேட்ட மென்பொருளின் இடம் எது என்று இப்போது விளங்கும். கடவுச்சொல்லை நீக்கும் கருவிகள் மறையாக்கம் இல்லாத வட்டில், உள்ளகக் கணக்குக்கு மட்டுமே ஒழுங்காக வேலை செய்யும். அந்த நிலையில் கோப்புகளை நேரடியாகவே நகலெடுக்கலாம் என்பதால் அவை உங்களுக்குத் தேவையே இல்லை. இலவசம் என்ற பெயரில் இணையத்தில் கிடைப்பவற்றில் தீம்பொருள் ஒட்டிக்கொண்டு வருவதும் உண்டு. இன்னொரு எச்சரிக்கையையும் அழுத்திச் சொல்கிறேன். விசை கையில் இல்லாதபோது விண்டோஸுக்கு முன்பே இயங்கும் அடிப்படை மென்பொருளான பயாஸின் அமைப்புகளுக்குள் போய் 'செக்யூர் பூட்' என்ற தொடக்கப் பாதுகாப்பை மாற்றுவதும், டி.பி.எம். சிப்பைத் துடைப்பதும் வேண்டாம். இப்போது பின் எண்ணை மட்டும் கேட்கும் லேப்டாப், அதன் பிறகு 48 இலக்கங்களையும் கேட்கத் தொடங்கிவிடும். சில காணொளிகள் இதையே முதல் படியாகச் சொல்கின்றன.

இதே சிக்கலோடு மேக் வைத்திருப்பவர்களும் படிக்கக்கூடும் என்பதால் சுருக்கமாக: சில முறை தவறினால், ஆப்பிள் கணக்கைக் கொண்டு மாற்றும் வழியைத் திரையே காட்டும். மேக்கின் மறையாக்க வசதியான ஃபைல்வால்ட் இயங்கினால் 24 எழுத்துகள் கொண்ட மீட்பு விசை உதவும். மாற்றிய பிறகு பழைய கீசெயினில் (மேக் கடவுச்சொற்களைச் சேமிக்கும் இடத்தில்) இருந்த கடவுச்சொற்கள் பழைய கடவுச்சொல் இல்லாமல் திறக்காது. குரோம்புக்கில் கூகுள் கணக்கின் கடவுச்சொல்லை மாற்றலாம், ஆனால் பழையதைச் சொல்ல முடியாவிட்டால் கருவிக்குள் மட்டும் இருந்த கோப்புகள் போய்விடக்கூடும். விண்டோஸ் வருவதற்கு முன்பே, கறுப்புத் திரையில் கேட்கும் கடவுச்சொல் பயாஸுடையது. இன்றைய பெரும்பாலான லேப்டாப்களில் உள்பேட்டரியைக் கழற்றினால் அது போகாது. வாங்கிய ரசீதோடு தயாரிப்பாளரைத்தான் அணுக வேண்டும்.

உங்கள் விஷயத்துக்குத் திரும்பினால், இன்று மாலை இந்த வரிசையில் செய்யுங்கள். முதலில் மொழிக் குறியும் விசைகளும். பிறகு கைப்பேசியில் கணக்கு மீட்பு. பிறகு ஒன்ட்ரைவ். பிறகு சாதனங்கள் பகுதியில் 48 இலக்கங்கள். அவற்றைத் தாளில் எழுதிய பிறகு லேப்டாப்பை இணையத்தில் இணைத்துத் திறங்கள். திறந்ததும் நிலுவையில் இருக்கும் விண்டோஸ் புதுப்பிப்புகளைத் தள்ளிவைத்துவிட்டு, ஆய்வேட்டையும் படங்களையும் முதல் வேலையாக வெளி வட்டு ஒன்றில் நகலெடுங்கள். 8 மாதப் புதுப்பிப்புகள் ஒன்றாக இறங்கி மறுதொடக்கம் ஆகும்போது மறுபடியும் நீலத் திரை வந்தாலும், படங்கள் அதற்குள் வெளியே வந்திருக்கும். நடுவில் எந்தத் திரையிலாவது நின்றுவிட்டால் அதில் உள்ள வாசகத்தை அப்படியே எழுதுங்கள், அடுத்த படியைச் சொல்கிறேன். மீட்பு விசையையும் கைப்பேசிக்கு வரும் குறியீட்டையும் மட்டும் எனக்கும் அனுப்பாதீர்கள், வேறு யாருக்கும் அனுப்பாதீர்கள்.